கழுத்துத் தகரம்

பழைய படத்தைப் பெரியவர் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

வரிசையாக ஆட்கள். சட்டையில்லாத மார்புகள். ஒவ்வொரு கழுத்திலும் கயிறு. கயிற்றில் வட்டமாக ஒரு தகரம்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த துஷ்யந்தி மிஸ் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நின்று விளக்கிச் சொன்னார். தேயிலைத் தோட்டத்து வேலைக்குக் கப்பலில் கொண்டுவந்த ஆட்களுக்கு மாட்டிவிட்டதாம். தோட்டத்து நம்பர், ஆள் நம்பர். வெள்ளைக்காரன் எழுதி வைத்தது அலமாரி அலமாரியாக இருக்கிறது. நம் ஆட்கள் கையில் இருந்தது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. யார் வீட்டிலாவது இருக்கிறதா?

"தகரமா? கூரை பூரா தகரந்தான் மிஸ். எது வேணுமோ கழட்டிக்கிட்டுப் போங்க," என்றாள் பெரியவருடைய சம்சாரம் அங்கம்மா.

லயமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

பின்பக்கம் ஆடு கத்தியது.

எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை என்றார்.

அப்பன் செத்த பிறகு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது அது. ஓட்டை இருந்தது. நம்பர் இருந்தது. தோட்டத்து மாட்டுக் காதில் தொங்குமே, அந்த மாதிரி என்றுதான் நினைத்தார். அப்பன் எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

அடையாளத்துக்கு ஆட்டுக்குக் கட்டினார்.

ஆடு மூன்று மாறிவிட்டது. தகரம் அதேதான்.

மிஸ் அடுத்த லயத்துக்குப் போனதும் பெரியவர் பின்பக்கம் போனார். கயிற்றை அறுத்தார்.

ஆட்டின் கழுத்தில் மயிர் தேய்ந்து ஒரு கோடு. அதை விரலால் தொட்டார்.

அப்புறம் தன் கழுத்தை.

தகரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். ஆட்டு வாடை போகவில்லை.

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் மிஸ் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தொரு வயதில் பெரியவர் எழுத்துக் கூட்டப் படித்ததும் அங்கேதான். குழந்தைகளின் குட்டிப் பெஞ்சில், மலை ஏறி இறங்கிய கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

தகரத்தை மேசையில் வைத்தார்.

மிஸ் இரண்டு கையாலும் எடுத்தார்.

"இவ்வளவு காலம் பத்திரமா வச்சிருந்திருக்கீங்களே, ஐயா."

அவர் தரையைப் பார்த்தார்.

ஒரு படிவம் இருந்தது. தானே நிரப்பிக்கொள்வதாகச் சொன்னார் மிஸ். வேண்டாம், எனக்கு எழுத வரும் என்று பெரியவர் வாங்கிக்கொண்டார்.

பெயர். எழுதினார்.

யாருடையது? கப்பலில் வந்தவர் பூட்டன் சடையன். எழுதினார்.

இதுவரை எங்கே இருந்தது?

பெட்டியில் என்று எழுதலாம். முழுப் பொய்யும் இல்லை.

பேனாவை அழுத்திப் பிடித்தார். வரியின் நடுவிலிருந்து, ஒவ்வொரு எழுத்தாக, 'கழுத்தில்' என்று எழுதினார்.

முன்னால், யாருடைய கழுத்து என்ற ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருந்தார்.

மிஸ் கையை நீட்டினார்.

அவர் பேனாவை இன்னும் கொடுக்கவில்லை.