நன்னினா கொண்டுவந்த சட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரி சுடச்சுடக் கறிக்குழம்போடு வாசலில் வந்து நின்றால், நீங்கள் வாங்கிக்கொள்வீர்களா, மாட்டீர்களா?

இத்தாலியின் பொட்சுவோலித் துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் சந்தில், கார்மோசினா வாங்கவில்லை. கதவைப் பாதிதான் திறந்தாள். கையில் மரக்கரண்டி, கன்னத்தில் தக்காளி தெறித்திருந்தது.

"என்னத்துக்குடி இது? எங்க வீட்டுல அடுப்பு இல்லையா?"

"இருக்கட்டும்க்கா. நீ எதுக்கு இன்னிக்கு நின்னு வேகணும்?"

பக்கத்து வீட்டு நன்னினா கறுப்பு உடையில் வந்திருந்தாள். சட்டியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தாள். கார்மோசினா துணியைத் தூக்கி மோந்து பார்த்தாள்.

"வெங்காயத்தைக் கருக்கிட்ட. பன்றி விலா எலும்பு போடவே இல்ல. ஒரு மணிக்கு எம் பையன் வந்து உக்காருவான். இதை வெச்சா தட்டோட தூக்கி ஜன்னல் வழியா எறிவான்."

நன்னினா இருபது வருஷமாக இந்தக் குழம்புக்காக அவளோடு சண்டை போட்டவள். இன்றைக்குத் துணியை இழுத்து மூடி, சட்டியோடு திரும்பிப் போனாள்.

உள்ளே பெரிய சட்டி விடியும் முன்பே ஏறியிருந்தது. பூண்டு வைத்துச் சுருட்டி நூல் கட்டிய மாட்டிறைச்சி, விலா எலும்பு, சிவப்பு ஒயின், தக்காளி. தீயைக் குறைத்து வைத்திருந்ததால், எப்போதோ ஒரு குமிழிதான் 'ப்ளுக்' என்றது.

மேஜையில் ரொட்டியின் முனைத்துண்டு தனியாக இருந்தது. அதைக் குடைந்து, உள்ளே குழம்பை ஊற்றி, பாஸ்தா வேகும் முன்பே தின்றுவிடுவான் அவள் மகன் புரோகோலோ. அந்த முனையை வேறு யாரும் தொடக் கூடாது.

புரோகோலோ வியாழக்கிழமை சின்னப் படகை எடுத்துக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போனவன். அன்று ராத்திரி புயல் அடித்தது. நேற்றுச் சாயங்காலத்தோடு துறைமுகத்துக்காரர்கள் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மாடி வீட்டு இம்மகோலாத்தா காபித்தூளும் சர்க்கரையும் கொண்டுவந்தாள். அவளுக்கும் கதவு பாதிதான் திறந்தது.

"காபி குடிக்கணும்னா வெறுங்கையோட வா. நானே போட்டுத் தரேன்."

இம்மகோலாத்தா படியிறங்கும்போதே முணுமுணுத்தாள். "இப்படிக் கறி மணக்குது. பெத்தவளா இவ? கல்நெஞ்சுக்காரி."

மதியம் நன்னினா அதே சட்டியோடு மறுபடி வந்தாள்.

"அக்கா, கோச்சுக்காத. ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? இந்த மாதிரி நேரத்துல வீட்டுல அடுப்பு பத்த வைக்கக் கூடாது. நாங்கதான் ஆக்கிக் கொண்டாரணும். உனக்குத் தெரியாததா?"

"தெரியும்டி. எங்க மாமியார் போனப்ப நீதான ஆக்கிப் போட்ட. உப்பு ஜாஸ்தி."

"அப்புறம் ஏங்க்கா?"

கார்மோசினா கதவை முழுசாகத் திறந்தாள்.

"நல்லாப் பாரு. என் அடுப்பு எரியுதா?"

"எரியுது."

"சாவு வீட்டுல அடுப்பு எரியுமாடி?"

நன்னினா சட்டிமேல் துணியைச் சரிசெய்தாள்.

"எரியாதுல்ல? அப்ப சட்டியை எடுத்துட்டுக் கெளம்பு."

அன்று பூராவும் சந்து முழுக்க அந்த வாசம்தான். குழம்பு சுண்டச் சுண்ட கார்மோசினா வெந்நீர் விட்டுக் கிண்டினாள். கடல் பக்கத்து ஜன்னலை மட்டும் அகலத் திறந்து வைத்திருந்தாள். மேஜைமேல் ரொட்டி முனை காய்ந்துபோனது.

மறுநாள் காலை நன்னினா சட்டியோடு வந்து கதவைத் தட்டினாள். உள்ளே அடுப்பு அணைந்திருந்தது. கார்மோசினா சட்டியை வாங்கிக்கொண்டாள்.