பெகியின் சொந்தக்காரர்

"அது காகிதத்துல இருக்கிற பேருங்க. நான் உயிரோட நிக்கிற மனுஷன். ரெண்டும் வேற."

"சரி. உயிரோட நிக்கிறவரே, எம்ரிஸ் ப்ராசர் எங்க இருக்கார்?"

"அதை அவரைத்தான் கேக்கணும்."

யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்டிரேட் அம்மாள் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

எம்ரிஸ் மரத்தடுப்புக்கு வெளியிலேயே நின்றான். நீதிமன்றம் ஒரு கப்பல் என்பது அவன் நம்பிக்கை; உள்ளே கால் வைத்தால் அதில் ஏறியதாகிவிடும். கடல் சட்டம் பிடித்துக்கொள்ளும். தரையில் நிற்பவனைத் தொட எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் கிடையாது.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுக்காரி டெலித்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

எம்ரிஸின் நாய் பெகி தபால்காரரின் கையைக் கடித்துவிட்டது. ஏழு வாரமாக எங்கோ ஒரு கூண்டில் கிடக்கிறது. ஏழு வாரத்தில் எம்ரிஸின் சட்டைக் காலர் தொளதொளத்துப் போயிருந்தது.

"கவனமாக் கேளுங்க" என்றார் மாஜிஸ்டிரேட். "வாய்க்கு மூடி போட்டு, கயித்துல பிடிச்சு வளப்பேன்னு சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டா, நாய் இன்னிக்கே வீட்டுக்கு வந்திடும். சொந்தக்காரர் வரலைன்னா அது யாரோட நாயும் இல்லை. அதை நான் யார்கிட்ட ஒப்படைக்க? ஊசி போடச் சொல்றதைத் தவிர வேற வழியில்லை."

"நான் சம்மதிக்கலை." எம்ரிஸின் குரல் உடைந்திருந்தது.

சொல்லித் தொலையேன்டா முட்டாளே. இந்த ரோந்தா பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்குத் தெரிந்த பெயர். அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?

அவன் கன்னத்தில் ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது டெலித்துக்கு. சிரித்தவனையும்தான்.

கப்பல் கதையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது டெலித்.

புதன்கிழமைதோறும், ரக்பி கிளப் மாடியில், பதினோரு பேருக்கு. தீர்ப்பு வந்தால் சிவப்பு மையில் குறுக்கே 'ஏற்கவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பு. பெயரைக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதே. எம்ரிஸ் ஒரு வகுப்புகூடத் தவறியதில்லை.

மார்ச் மாதம் அவளுடைய காரைப் பிடித்து வைத்திருந்தார்கள். இதே அறை, இதே மாஜிஸ்டிரேட். முதல் தடவை கூப்பிட்டதுமே டெலித் தடுப்பைத் தாண்டி உள்ளே போனாள். "நான்தாங்க டெலித் ஹோவெல்" என்றாள். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். எட்டு நிமிடத்தில் முடிந்தது.

கோர்ட்டே பயந்துபோய் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று அந்தப் புதன்கிழமை அவள் சொன்னபோது, முதலில் கைதட்டியவன் எம்ரிஸ்.

மாஜிஸ்டிரேட் பேனாவை எடுத்தார்.

எம்ரிஸ் மெல்லத் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தான்.

"நீ சொன்னா சொல்லிடறேன், டெலித். சொல்லட்டுமா?"