பதினெட்டாவது கேள்வி

வெள்ளை எனாமல் கிண்ணத்தைக் கால்வாயில் முக்கி எடுத்தார் டிரெஸர் விஜயரட்ணம்.

நீர்மேல் எண்ணெய் பல நிறத்தில் படர்ந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். கிண்ணத்தில் எதுவும் நெளியவில்லை.

ஒரே ஒரு கொசுப்புழு போதும். தகுதியில்லை என்று எழுதிவிடலாம். திங்கட்கிழமை இந்தப் பள்ளிக்கூடம் திறக்காது.

ஜாசின் ஊர்ப் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் மலை பங்களாவைத்தான் பள்ளிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். சுற்றுத் தோட்டங்களில் வேலை பார்க்கும் அமெரிக்கத் துரைமாரின் பிள்ளைகள் ஆறு பேர் இங்கேயே தங்கிப் படிக்கப் போகிறார்கள். ஊர் திரும்பும்போது வகுப்பில் பின்தங்கிவிடக் கூடாதென்று பாடப் புத்தகங்கள் கப்பலில் வந்திருந்தன. டீச்சர் மிஸ் ஹோல்ட்டும் அதே கப்பலில் வந்தவள்தான்.

இடம் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று பார்த்து, பதினெட்டுக் கேள்விப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டியவர் விஜயரட்ணம். டாக்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் மருந்து கொடுப்பதும் காயம் கட்டுவதும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர்தான்; அவர் கையெழுத்துதான் செல்லும்.

"எத்தன தடவ முக்குனாலும் ஒண்ணும் கெடைக்காதுங்கய்யா," என்றான் கொசுப்புழு சாகக் கால்வாயில் எண்ணெய் தெளிக்கும் சுப்பன். "நம்ம கால்வாயில எறங்குற கொசு வழுக்கி விழுந்து காலொடிஞ்சு போகும்லா!"

விஜயரட்ணம் நிமிர்ந்து பார்த்தார்.

யாரிடம் வேடிக்கை பேசிவிட்டோம் என்று அப்போதுதான் சுப்பனுக்கு உறைத்தது போலும். தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்து போனான்.

பதினோரு இடத்தில் முக்கினார். கிணற்றடியில், குளியலறை வாய்க்காலில், பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருந்த தட்டில்கூட.

ஒன்றுமில்லை.

மிஸ் ஹோல்ட் அவரை உள்ளே அழைத்துப் போனாள். சன்னல்களுக்கெல்லாம் கம்பிவலை. சுவரில் அமெரிக்க வரைபடம். வரிசையாக ஆறு இரும்புக் கட்டில்கள், ஆறு கொசுவலைகள். ஒவ்வொரு வலையையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். ஒரு கிழிசல் கிடையாது.

கடைசிக் கட்டில் சிறியது. அதன் ஓரமாகக் கையை வைத்துச் சாண் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஒரு சின்னப் பிள்ளையின் நீளத்தில் கை நின்றுவிட்டது.

மிஸ் ஹோல்ட் விசித்திரமாகப் பார்த்தாள். கட்டிலின் நீளத்தைப் படிவத்தில் யாரும் கேட்கவில்லை.

பதினேழாவது கேள்வி, எண்ணெய் கையிருப்பு. அதைப் பார்க்கப் பின்கட்டுக் கிடங்குக்குப் போனார். சுப்பன் அங்கே ஒரு டின்னுக்கு முன்னால் நின்றான். மறைக்கத்தான் நின்றான். ஆனால் டின் அவனைவிட அகலம்.

டின்னின் வயிற்றில் கறுப்பு மையால் 'லயம்' என்று எழுதி, அதை அடித்து, கீழே 'மலை பங்களா' என்று எழுதியிருந்தது. மலையடிவாரத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடுகள்தான் லயம்.

"இது லயத்து டின் எல்லோ?" என்று கேட்டார் விஜயரட்ணம். தெரிந்தேதான் கேட்டார்.

சுப்பன் தரையைப் பார்த்தான். "ஆமாங்கய்யா. நீங்கதான் அடிச்சு எழுதிக் குடுத்தீங்க."

அது மாசி மாதம் நடந்தது. பிள்ளைகளின் பெற்றோர் பங்களாவைப் பார்க்க வருகிறார்கள், கால்வாய்க்கு எண்ணெய் இருக்கிறதா என்று பெரிய துரை கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். லயத்து டின் இருக்கிறது, அவர்கள் பத்து நாள் பொறுப்பார்கள் என்று சொன்னவர் விஜயரட்ணம். துரை அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைப் பெருமையாகச் சொன்னார்.

லயத்துக்கு அடுத்த டின் வர நாற்பது நாளாயிற்று.

அதற்குள் லயத்துச் சதுப்போரம் எட்டுப் பேர் காய்ச்சலில் படுத்தார்கள். மூன்று பேர் எழுந்திருக்கவில்லை. முதலாவது ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அப்புசாமி. இரண்டாவது முனியாயியின் கைக்குழந்தை.

டிரெஸரின் வீடும் சதுப்போரம்தான்.

வராந்தாவில் மேசை போட்டு, மைக்கூடு எடுத்து வைத்தாள் மிஸ் ஹோல்ட். கிணறு, சரி. சமையலறை, சரி. கொசுவலை, சரி. கால்வாய் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. சரி.

அவருக்குப் பொய் எழுதத் தெரியாமல் இல்லை. கண்டது ஒரு புழு என்று எழுதினால் யாரும் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லப் போவதில்லை. ஆனால் உள்ளே ஆறு பிள்ளைகளுக்கான அந்தக் கட்டில்கள் இருந்தன.

பதினெட்டாவது கேள்விதான் கடைசி. உங்கள் சொந்தக் குழந்தையை இந்தப் பள்ளியில் தங்கவைப்பீர்களா?

அமெரிக்காவில் அச்சடித்த படிவம். அவர் நிறத்துப் பிள்ளைக்கு இங்கே இடமில்லை என்பது அச்சடித்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கம்பிவலைச் சன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு 'ஆம்' என்று எழுதினார். பேனாவை அழுத்திவிட்டார் போலும், மை அடுத்த தாளிலும் ஊறியது.

மிஸ் ஹோல்ட் அதைப் படித்துவிட்டு மலர்ந்து சிரித்தாள். வந்து ஒரு மாதமாகியும் அவளுக்கு மலையடிவாரத்தில் நடந்தது ஒன்றும் தெரியாது. உங்களுக்குப் பெண் குழந்தையா, பெயர் என்ன என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"யோகம்."

என்ன வயது?

கிண்ணத்தைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார் விஜயரட்ணம்.

"ஆறு," என்றார்.

அது பொய்யில்லை. அடுத்த வருஷம் கேட்டாலும் அதையேதான் சொல்வார்.