கம்பி எடுத்த தடம்

கம்பியைச் சுருட்டிக்கொண்டு அய்யம்மாள் நிமிர்ந்தபோது, எதிரே யானை நின்றது.

பத்தடி தூரம்கூட இருக்காது.

அது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்க்கத்தான் மலையடிவாரத்து மாந்தோப்பில், மோட்டார் ரூம் பக்கம் ஊரே கூடியிருந்தது. ஆனால் பொழுது சாய்ந்த பிறகுதான் இறங்கும் என்று நினைத்திருந்தார்கள். மலை உச்சியில் வெயில் இன்னும் மஞ்சளாகக் கிடந்தது.

இரண்டு வருசச் சண்டை.

மாங்காய் லாரி வந்துபோக ஊருக்குத் தார் ரோடு வேண்டும். ஓடைக்கு இறங்க யானைக்குத் தடம் வேண்டும். ஊர்க்காரர்கள் மறியல் செய்தார்கள். வனத்துறை வழக்குப் போட்டது. போன கோடையில் தோப்பு வேலியில் விட்ட கரண்டில் ஒரு குட்டி யானை செத்து விழுந்தது. அடுத்த மாதமே, காவலுக்குப் படுத்திருந்த ஒரு மனுசரை யானை மிதித்துப் போட்டது. அதன்பிறகு ஊராரும் வனத்துறை ஆட்களும் ஒரே டீக்கடையில் ஏறுவதில்லை.

ஒருவழியாகப் பேசி முடித்திருந்தார்கள். ரோடு ஓடையைச் சுற்றிக்கொண்டு போகும். தடத்தில் வேலி இருக்காது. யானையை விரட்டத் தோப்புக்காரர்கள் வெடி போடக் கூடாது. ஒரு வெடி போட்டாலும் பேச்சு அன்றோடு முறிந்தது, ரோடும் கிடையாது. ஊர் சார்பில் வாக்குக் கொடுத்தவன் சங்கிலிமுத்து. அய்யம்மாளின் தங்கை பாண்டிச்செல்வியின் புருசன்.

வேலியைப் பிடுங்கிய பின் இதுதான் முதல் நாள்.

தடத்தில் ஒரு துண்டுக் கம்பி விடுபட்டுக் கிடந்தது அய்யம்மாள் கண்ணில்தான் பட்டது. கரண்ட் இல்லாத கம்பிதான். ஆனாலும் குட்டியைப் பறிகொடுத்த கூட்டம் அதைப் பார்த்தால் என்ன நினைக்கும்? யாரிடமும் சொல்லாமல் இறங்கி நடந்தாள். குனிந்து சுருட்டினாள். நிமிர்ந்தாள்.

இப்போது கால் நகர மறுத்தது.

கிழட்டுப் பெண் யானை. அதன் முதுகுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து, நடுவே ஒரு குட்டி. கிழவியின் காதுமடல் ஓரமெல்லாம் கந்தலாகக் கிழிந்திருந்தது. நெற்றியில் அப்பிய செம்மண் பாளம் பாளமாக உரிந்துகொண்டிருந்தது. யானைக்கு இமைமயிர் இவ்வளவு நீளமா? இத்தனை வயதில் இப்போதுதான் பார்க்கிறாள்.

பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. மலையில் ஒரு துண்டு பெயர்ந்து இறங்கிவந்து, தன்னை யாரென்று விசாரிப்பதுபோல் இருந்தது.

திடீரென்று புளியமரத்துக் கொக்குகள் மொத்தமாக மேலே கிளம்பின. பின்னால் நின்ற யானைகள் வெடவெடத்துத் திரும்பின. குட்டி பெரிய ஒன்றின் வயிற்றுக்கடியில் புகுந்தது. அய்யம்மாள் திரும்பிப் பார்த்தாள். மோட்டார் ரூம் பக்கம் நின்ற சனம் திசைக்கு ஒருவராகச் சிதறி ஓடிக்கொண்டிருந்தது.

எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை.

கிழவி மட்டும் அசையவில்லை.

தும்பிக்கையை நீட்டிக் கம்பிச் சுருளை மோந்தது. பிறகு அவள் கையை. மூச்சுக்காற்று சுடச்சுட முழங்கை வரை ஏறியது. உள்ளங்காலுக்குக் கீழே மண் விடாமல் அதிர்ந்தது, பூமிக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல. அய்யம்மாளின் கண்ணில் தாரைதாரையாக நீர் இறங்கியது. கும்பிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அது மெல்ல விலகி, அவளை உரசாமல், ஒவ்வொரு காலையும் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்துக் கடந்து போனது. கிழவி போவதைக் கண்டு மற்றவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடைசியில் குட்டியும். எல்லாம் ஓடைத் தண்ணீரில் இறங்கின.

அய்யம்மாள் கம்பிச் சுருளோடு மேட்டைப் பார்த்து நடந்தாள்.

மேட்டில் சங்கிலிமுத்து வனக்காவலர் இசக்கிப்பாண்டியின் முன்னால் கைகூப்பி நின்றான். முகம் வெளிறிக் கிடந்தது. இசக்கிப்பாண்டி ஓடையையே வெகுநேரம் பார்த்தான். குட்டி தண்ணீரை வாரித் தன் தலைமேல் விட்டுக்கொண்டிருந்தது.

"வெடியா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே அண்ணாச்சி" என்றான்.

மேடேறி வந்த அய்யம்மாள் அவன் உதட்டில் அந்தச் சொல்லைப் பார்த்துத் திடுக்கிட்டாள். வெடியா? எப்போது?

பாண்டிச்செல்வி ஓடிவந்து அக்காவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். புருசனைக் கைகாட்டி, உதடு தெரியும்படி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "ஒன்னைய மிதிச்சிருமோன்னு இவுகதான் வெடியத் தூக்கி எறிஞ்சிட்டாக யக்கா. அம்புட்டுப் பேரும் கத்துனோம். ஒனக்குத்தான் கேக்காதே."

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூம் வெடித்த அன்று, அய்யம்மாளுக்கு இரண்டு காதும் போயின. தங்கை வீட்டோடு வந்து சேர்ந்தது அதன்பிறகுதான்.

சனம் ஓடிய காரணம் இப்போது புரிந்தது. குட்டி ஒளிந்ததும் புரிந்தது.

"அந்தக் கெளவி ஏன் மெரளல?" என்று ஓடைப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டாள்.

எத்தனையோ வருசமாகத் தோப்புத் தோப்பாக வெடி போட்டு விரட்டிய யானை அது. இசக்கிப்பாண்டி சங்கிலிமுத்துவை ஒருதரம் பார்த்தான். பிறகு அவளுக்கு நேர் எதிரே வந்து நின்று, ஓடையில் நின்ற கிழவியைக் காட்டி, தன் காதைத் தொட்டு, இல்லை என்று கையை விரித்தான்.