ஆக்னஸின் முதல் திருத்தம்

மஞ்சரி இறப்பதற்கு முன் தன் குரலை, வீட்டில் பேசித் துணைநிற்கும், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு கட்டற்ற மென்பொருளுக்குக் கொடுத்திருந்தாள். இப்போது பல்லாயிரம் வீடுகளில் அவள்தான் பேசினாள். அந்த மென்பொருளில் புதிதாகச் சேர்பவர்களுக்கு எளிய வேலைகளைப் பிரித்து வைப்பது அவள் கணவன் கதிரேசனின் பொறுப்பு. "குரல் எந்தக் கேள்வியையும் இரண்டு தடவை கேட்கிறது" என்று வந்த புகாரையும் மற்றவற்றோடு சேர்த்து, படிக்காமலே ‘தொடக்கநிலை’ என்று குறித்துவிட்டான்.

நாகர்கோவிலிலிருந்து கல்லூரி மாணவி ஆக்னஸ் அழைத்தாள்.

"அண்ணா, குரல் ரெண்டு தடவை கேக்குறத சரி பண்ணிட்டேன்! என்னோட முதல் திருத்தம். கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. நீங்க ஏத்துக்கிட்டா போதும்."

"அது... அவ அப்படித்தாம்மா கேப்பா."

"யாருண்ணா?"

கதிரேசன் திரையில் அவள் அனுப்பிய திருத்தத்தைத் திறந்தான்.

"ஒண்ணுமில்ல. நல்லா பண்ணியிருக்க," என்று ஏற்றுக்கொண்டான். எல்லா வீடுகளிலும் குரல் தானாகவே மாறிக்கொண்டது.

மதியம் சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் மஞ்சரி கேட்டாள். "சாப்டாச்சா?"

கல்யாணமான நாள்முதல் அவள் முதல் தடவை கேட்கும்போது அவன் பதில் சொன்னதே இல்லை. இரண்டாம் தடவைக்குத்தான் சொல்வான்.

பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலத்தின் முன் கதிரேசன் காத்திருந்தான்.