ஒரு பிடி கூடுதல்

ஷஸ்னாவின் வலது கண்ணின் விலை அறுபத்தெட்டு லட்சம் ரூபா. மாத்தளை மிளகு வியாபாரியான அவள் வாப்பா நிஸ்தார், சென்னை ஆஸ்பத்திரியோடு பேரம் பேசித் தோற்ற விலை அது. அதனால்தான் நேற்று, கண்ணுக்குப் பின்னாலுள்ள கட்டிக்குப் புரோட்டோன் கதிரைக் கொஞ்சம் கூடப் போடச் சொல்லும்படி, மகளோடு அங்கிருக்கும் மனைவி றஹீமாவிடம் சொல்லியிருந்தார். இப்போது யட்டவத்த ஊரிலிருந்து வந்த வாடிக்கையாளருக்குக் கொசுறாய்ப் போட அள்ளிய ஒரு பிடி மிளகோடு அவர் கை தராசுக்கு மேலே நிற்கிறது. பக்கத்தில் கிடக்கும் போனில் றஹீமா மூச்சிரைக்கப் பேசுகிறாள். "இங்க, இன்னைக்குப் பாதியிலயே நிப்பாட்டிட்டாங்க. கட்டி சுருங்கிப் போச்சாம், கதிர் அதைத் தாண்டி மூணு மில்லிமீட்டர் போகுதாம். அது எங்க போய் நிக்குதுன்னு கணக்குப் பார்க்கப் பழக்கின கம்பியூட்டர்தான் கண்டுபிடிச்சிச்சாம். கூடப் போட்டிருந்தா கண் நரம்பே கருகியிருக்குமாம். இது மிளகில்லைங்க!"

"என்ன முதலாளி, போடுங்களேன்" என்கிறார் வாடிக்கையாளர். நிஸ்தாரின் விரல்கள் விரிய மறுக்கின்றன. வியர்த்த உள்ளங்கையிலிருந்து மிளகு ஒவ்வொன்றாக நழுவித் தட்டில் விழ, தராசின் சிவப்பு எண் மெல்ல ஏறுகிறது. அவர் உதடு வேறொன்றை எண்ணுகிறது: கதிர் முப்பது தடவையில் முழுதாய்க் கொடுத்தது பத்தொன்பது, இன்றைக்கு அரை. பத்தரை பாக்கி. கொசுறு வேண்டாம்.