பதில் யாருக்குப் போகணும்?

“நேத்து உனக்கு ஒரு பதில் போட்டேனே, பார்த்தியா?” என்று கேட்டார் தோர்கில்.

“மெயில் பக்கம் போயே ரெண்டு மூணு நாளாச்சு. ஏன், என்ன விஷயம்?” ப்ரேபன் மண்வெட்டியைத் தள்ளுவண்டியில் போட்டார்.

“நீயாவது பார்க்கலையே, நல்லவேளை. மத்தவங்க அத்தனை பேரும் பார்த்திருப்பாங்க.”

அன்று தோட்டச் சங்கத்தின் பொதுவேலை நாள். ஓடென்ஸ் நகருக்கு வெளியே ஆளுக்கொரு துண்டு நிலமும் அதில் ஒரு மரவீடும் வைத்திருப்பவர்கள், காலையிலேயே கொடிக்கம்பத்தடியில் கூடிப் பொதுப்பாதையில் களை பிடுங்கியாக வேண்டும்.

தோர்கிலுக்கு நேர்ந்தது இதுதான். யாருக்காவது தக்காளி நாற்று வேண்டுமா என்று ப்ரேபன் சங்கத்து மெயில் குழுவில் கேட்டிருந்தார். தோர்கில் ‘பதில்’ பொத்தானை அழுத்தினார். பழைய சிநேகிதன்தானே என்று மனதில் இருந்ததையெல்லாம் கொட்டி அனுப்பியும் விட்டார். அதற்குப் பிறகுதான் சங்கத்துத் தீர்மானம் ஞாபகம் வந்தது.

அந்தத் தீர்மானத்துக்காகப் போன வசந்தத்தில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. பதில் பொத்தானை அழுத்தினால் மெயில் போட்டவருக்கு மட்டும் போகவேண்டும் என்று ஒரு கட்சி. குழுவில் உள்ள எல்லோருக்கும் போகவேண்டும் என்று இன்னொரு கட்சி. கணவன் ஒரு கட்சியிலும் மனைவி எதிர்க்கட்சியிலும் இருந்த வீடுகள் உண்டு. ஓட்டெடுப்பில் ‘எல்லோருக்கும்’ கட்சி ஜெயித்தது. அதோடு என்ன மாயமோ, சங்கத்தில் சண்டை சச்சரவே இல்லை. எல்லாம் தலைவி மெரேதாவின் சாமர்த்தியம் என்று இரண்டு கட்சிக்காரர்களும் மெச்சிக்கொண்டார்கள்.

“அப்படி என்னடா எழுதித் தொலைச்ச? யாரையாவது திட்டினியா?”

“திட்டியிருந்தாப் பரவாயில்லையே. என் வேலிச்செடி மட்டும் ஏன் எப்பவும் அளவுக்கு மேல வளருதுன்னு கேட்டுக்கிட்டே இருப்பியே, அதுக்குக் காரணம் சொல்லிட்டேன்.”

“சோம்பேறித்தனம். இதுல சொல்ல என்ன இருக்கு?”

“வேலி உசந்தா மெரேதா அளக்க வருவாங்க. அளந்துட்டு வாசல்ல நின்னு கொஞ்ச நேரம் பேசுவாங்க. வெட்டிட்டா எதுக்கு வரப்போறாங்க? ஞாயித்துக்கிழமை காபிக்குக் கூப்பிட்டா வருவாங்களான்னும் உன்கிட்ட யோசனை கேட்டிருந்தேன்.”

ப்ரேபன் வண்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பாவி, உன் செடி வெட்டற கத்தரி மழுங்கிப் போச்சுன்னு நம்பி என்னோடதை இல்ல இரவல் கொடுத்தேன்.”

“சிரிக்காதே. இத்தனை பேர் முன்னாடி அவங்களுக்கு எவ்வளவு தலைகுனிவு. இனிமே என் வாசல் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டாங்க. எனக்கு இருக்கிறதே அந்த ஒரு பேச்சுதான்.”

“அவங்க ஏதாவது எழுதினாங்களா?”

“யாருக்குத் தெரியும்? பயத்துல கம்ப்யூட்டரை அணைச்சுப் போர்வை போட்டு மூடிட்டேன்.”

கொடிக்கம்பத்தடியில் கருப்பு ரொட்டியும் சீஸும், குளிருக்கு இதமாக ஆளுக்கொரு சின்ன கிளாஸில் கசப்புச் சாராயமும் தயாராக இருந்தன. எல்லோரும் வழக்கம்போல் தோர்கிலின் முதுகில் தட்டி நலம் விசாரித்தார்கள். ஒருவர்கூடக் கிண்டல் செய்யவில்லை. காபி ஊற்றிக்கொண்டிருந்த மெரேதா மட்டும் அவரைக் கண்டதும் முகம் சிவந்து குனிந்துகொண்டார்.

“பார்த்தியா, எல்லாரும் நாகரிகமாத் தெரியாத மாதிரி இருக்காங்க. அவங்களுக்கு நிமிர்ந்து பார்க்கவே முடியலை. நானே பேசி முடிச்சுடறேன்.”

“வேண்டாம்டா,” என்று ப்ரேபன் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் தோர்கில் பெஞ்சின்மேல் ஏறிவிட்டார்.

“நேத்து என் மெயிலைப் படிச்சிருப்பீங்க. மெரேதா மேல எந்தத் தப்பும் இல்லை. அவங்க விதிப்படி அளக்கத்தான் வந்தாங்க. அவங்களைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டு வேலியை வளர்த்தது நான். கிண்டல் பண்றதுன்னா என்னைப் பண்ணுங்க.”

வாய்க்குப் போன ரொட்டிகள் பாதி வழியில் நின்றன. பிறகு யாரோ கைதட்ட, மொத்தக் கூட்டமும் தட்டியது. மெரேதா காபிக் கூஜாவை வைத்துவிட்டு வந்து, தோர்கிலின் கையைப் பிடித்துக் கருவிக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

“என்னை மன்னிச்சிடுங்க, மெரேதா.”

“மெதுவாப் பேசுங்க. நான் சொல்லப்போறது வெளியே தெரிஞ்சா என் தலைவி பதவி போயிடும். ரெண்டு கட்சியும் அடிச்சுக்கறது தாங்காம, யார் பதில் போட்டாலும் எனக்கு மட்டும் வர்ற மாதிரி ஓட்டு எண்ணின அன்னிக்கே மாத்தி வெச்சுட்டேன். உங்க மெயிலும் எனக்கு மட்டும்தான் வந்துச்சு. காபிக்கு வர்றேன்னு உங்களுக்கு உடனே பதிலும் போட்டேன். நீங்க எழுதினதை எல்லாருக்கும் அனுப்பினது இப்போ நீங்கதான்.”